களையும் மண்ணும்

வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் உடையோர் பலரும் பசும்புல் விரிப்பை விரும்புகின்றனர். அதனிடையே களை தலைகாட்டியதும் களைக்கொல்லியைத் தேடுகின்றனர். களை, மண்ணின் நலக்குறைவைக் காட்டும் அறிகுறி. அறிகுறியை மட்டும் அழித்தால் நோய் தீருமா?

இயற்கை வெற்றுநிலத்தை விட்டுவைப்பதில்லை. புல் நெருங்கி வளராத இடத்தில் கதிரொளி மண்ணைத் தொடுகிறது. அங்கு உறங்கிக் கிடக்கும் விதைகள் முளைவிடுகின்றன. நீர் வடியாத இடத்தில் கோரை பெருகுகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் புல்லின் வேர் காற்றின்றி நலிய, வன்மை மிக்க செடிகள் அவ்விடத்தைக் கைப்பற்றுகின்றன.

கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி, களையையும் புல்லையும் வேறுபடுத்தி அறியாது. தெளித்த இடம் வெறுமையாகிறது. அவ்வெறுமையே அடுத்த களைக்கு அழைப்பாகிறது. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இம்மருந்தைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியது. 2022இல் இந்திய அரசு இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. குழந்தைகள் விளையாடும் முற்றத்திற்கு இத்தகைய மருந்து எதற்கு?

களையின் இயல்பறிந்து களைவதே அறிவுடைமை. கோரையின் தாளை மட்டும் அறுத்தால் பயனில்லை. மண்ணுள் இருக்கும் கிழங்கிலிருந்து அது மீண்டும் தழைக்கும். கிழங்கோடு அகழ்ந்தெடுத்தல் வேண்டும். பார்த்தீனியம் விதையால் பரவுவது. ஆதலின் பூப்பதற்கு முன்பே, மழையால் மண் நெகிழ்ந்திருக்கும் வேளையில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். கீழாநெல்லி, குப்பைமேனி போன்ற மூலிகைகளையோ ஒரு மூலையில் வளரவிடலாம்.

களைந்தபின் மண்ணைப் பேணுதல் இன்றியமையாதது. இறுகிய மண்ணைக் கிளறி மட்கு உரம் இட்டால், மண்புழு பெருகும். காற்றும் நீரும் உட்புகும். புல்லை ஒரே முறையில் ஒட்ட வெட்டாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாமல் வெட்டினால் அதன் நிழலே களையின் முளைப்பைத் தடுக்கும். வெட்டிய புல்துண்டுகளை அங்கேயே விட்டால் தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும். நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழ நனையுமாறு பாய்ச்சுவதே வேரைக் கீழ்நோக்கிச் செலுத்தும்.

உதிர்ந்த இலைகளை வாசலில் குவித்து எரித்துவிட்டு, கடையில் உரம் வாங்கும் வழக்கம் பல ஊர்களில் காணப்படுகிறது. எரிவது குப்பையன்று, மண்ணுக்குரிய உணவு. அவ்விலைகள் மட்கி மண்ணைச் சேருமாயின், களையெடுக்கும் உழைப்பு ஆண்டுதோறும் குறையும். புல்லும் தானே செழிக்கும்.