இயக்குநரின் உறவினர் யார்? சட்டமும் அமானிதமும்

ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சார் தொடர்பான வழக்கில், அமலாக்கத் துறை சொத்துகளை முடக்கியது சரிதான் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் கூறியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்து வருகிறார். லஞ்சம் கைமாறியதா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் பேச வருவது அதற்கு முந்தைய ஒரு கேள்வியை.

2009ல் வீடியோகான் குழும நிறுவனம் ஒன்றுக்கு 300 கோடி ரூபாய் கடன் வழங்க ஒப்புதல் அளித்த குழுவில் அவரும் இருந்தார். கடன் வழங்கப்பட்ட மறுநாளே, வீடியோகான் தரப்பிலிருந்து 64 கோடி ரூபாய் அவருடைய கணவரின் நுபவர் நிறுவனத்துக்குப் போனது என்கின்றன விசாரணை அமைப்புகள். நுபவரை அந்தக் கணவருடன் சேர்ந்து தொடங்கியவர் வீடியோகான் தலைவர் வேணுகோபால் தூத். அப்படியானால் கடன் கோப்பு மேசைக்கு வந்தபோது அவர் ஏன் அந்தக் கூட்டத்தில் இருந்தார்?

புகார் வெளியானதும் 2018 மார்ச்சில் வங்கியின் இயக்குநர் குழு அவர் மீது முழு நம்பிக்கை தெரிவித்து அறிக்கை விட்டது. பத்து மாதங்களில் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் விசாரணை, அவர் வங்கியின் நடத்தை விதிகளை மீறினார் என்று கண்டது. முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு நம்பிக்கை தெரிவித்திருந்தால் அந்தக் குழுவின் மானமாவது மிஞ்சியிருக்கும்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166வது பிரிவு, தன் நலனும் கம்பெனியின் நலனும் நேரடியாகவோ மறைமுகமாகவோ மோதும் நிலையில் இயக்குநர் இருக்கக் கூடாது என்கிறது. முறையற்ற ஆதாயம் அடைந்தால் அதே தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். 184வது பிரிவின்படி, தனக்குத் தொடர்புள்ள நிறுவனங்களை ஒவ்வொரு நிதியாண்டின் முதல் கூட்டத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றுடனான ஒப்பந்தம் பேசப்படும்போது கலந்துகொள்ளக் கூடாது. மீறினால் ஒரு லட்ச ரூபாய் தண்டம். முன்பு சிறைத் தண்டனைக்கும் இடமிருந்தது. 2020 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கோடிகள் புழங்கும் இடத்தில் ஒரு லட்சம் யாரைத் தடுக்கும்?

இதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று சட்டத்தின் 'உறவினர்' பட்டியல். மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. மனைவியின் சகோதரர் இல்லை, மாமனாரும் இல்லை. நம் ஊர் வியாபாரங்களில் சரக்கு வாங்குவதும் கட்டட வேலை எடுப்பதும் பெரும்பாலும் மச்சான்தானே! பட்டியலில் பெயர் இல்லை என்பதால் 166வது பிரிவு சொல்லும் 'மறைமுக' நலன் இல்லாமல் போய்விடாது.

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட நிகழ்வு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். மச்சானுக்குப் போன ஒப்பந்தத்தையும் அதே கேள்வியால் அளக்கலாம். இயக்குநர் நாற்காலியில் நாம் இல்லாவிட்டால் அது அவருக்குக் கிடைத்திருக்குமா?

2015 முதல் தனியார் கம்பெனிகளுக்கு மத்திய அரசு ஒரு சலுகை தந்திருக்கிறது. தொடர்பை வெளிப்படுத்திவிட்டால் அந்த இயக்குநரே கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். வளைகுடாவில் சம்பாதித்த பணத்தை 'ஹலால் முதலீடு' என்று நம்பி, தெரிந்தவர்களின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்காகப் போட்டிருக்கும் சகோதரர்களுக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான காவல் அந்த வெளிப்படுத்தல்தான். ஆண்டறிக்கையுடன் ஏஓசி-2 என்ற படிவம் இணைக்கப்பட்டிருக்கும். சட்டம் உறவினர் என்று கருதுவோருடன் கம்பெனி செய்த முக்கிய ஒப்பந்தங்கள் அதில் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள். அதில் இடம்பெறாத மச்சானின் ஒப்பந்தம் எதுவும் உண்டா என்றும் கேளுங்கள்.