முகவரி முகமாகுமா?



பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்றும் பெயருண்டு. எப்பெயரிட்டு எழுதினாலும், 560005 என்ற எண்ணும் வீட்டு எண்ணும் இருந்தால் கடிதம் வந்து சேரும். ஆனால், கதவைத் திறந்து அதை வாங்கியவர் யார் என்று அந்த எண்கள் சொல்லுமா? சொல்லும் என்று நம்பியதால் எங்கள் விடுதியில் ஒரு மாணவருக்குத் தீங்கு நேர இருந்தது.

விடுதியின் வைஃபையை யாரோ ஒருவர் ஓரிரவில் தீர்த்துவிட்டார். உரிமையாளர் பதிவேட்டைப் புரட்டினார். அகப்பட்ட எண்ணுக்கு நேரே முதலாண்டு மாணவர் ஒருவரின் பெயர் இருந்தது. "அறையைக் காலி செய்துவிடு, தம்பி" என்றார். அந்த இரவு அவர் என்னுடன் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கைப்பேசியும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது!

அறிவியல் கூறுவது என்ன? வலையமைப்பில் சேரும் கருவிக்கு இரண்டு முகவரிகள். ஒன்று வன்பொருள் முகவரி. 48 பிட் நீளமுள்ளது. தொழிற்சாலை இட்ட எண்ணாயின், முற்பாதி உற்பத்தியாளரைக் குறிக்கும். மற்றொன்று ஐ.பி. முகவரி. அது வாடகை வீடு போன்றது. கருவி இடம் கேட்கும். ரூட்டர் ஓர் எண்ணைத் தரும். தவணை முடிந்து புதுப்பிக்காவிடில், அது வேறொன்றுக்குப் போகும். இம்முறையே டி.எச்.சி.பி.

"இந்த ஐ.பி. எண் யாருடையது?" என்று ஒரு கருவி அனைத்தையும் நோக்கி வினவும். உரிய கருவி தன் வன்பொருள் முகவரியை விடையாகத் தரும். இது 1982-இல் டேவிட் பிளம்மர் வகுத்த ஏ.ஆர்.பி. விடை மெய்யா பொய்யா என்று சோதிக்க அதில் வழியில்லை. "நானே அவன்" என்று எவன் சொன்னாலும் நம்பிவிடும்! வன்பொருள் முகவரியையும் மென்பொருளால் மாற்றலாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், கைப்பேசிகளே தனியுரிமை கருதி வலைக்கு வலை வேறு எண்ணைக் காட்டுகின்றன.

ஆகவே, அந்த எண் துப்பு ஆகலாம், தீர்ப்பு ஆகாது. விடுதியார் ஒரே கடவுச்சொல்லை எல்லார்க்கும் வழங்காமல், ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரட்டும். அதுவே நேரிய வழி.

உரிமையாளரின் இசைவோடு, அவருடைய கைப்பேசியின் எண்ணை என் மடிக்கணினிக்கு இட்டுக் காட்டினேன். பதிவேட்டில் அவர் பெயரே தோன்றிற்று! தம்பி இன்றும் அதே அறையில் இருக்கிறார்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ஓர் அறை கிடைப்பதே அரிது. அதைப் பறிக்க ஓர் எண் போதும் என்றால், கற்றவர் வாளாவிருக்கலாமா?