சுருக்கத்தில் சாதி ஏன் இல்லை?

தோழர்களே, ஐபிசிசி 2007 அறிக்கையில் இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று தவறாக எழுதியது. உலகமே கொதித்தது. 2010இல் மறுஆய்வு நடந்தது, விதிகளும் மாறின. நல்லதுதான். அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு புவி சூடாவதே பொய் என்று கத்தியவர்களோடு நமக்கு எந்த உறவும் இல்லை.

நம் கேள்வி வேறு. 1988இல் தொடங்கிய அமைப்பு இது. அமைச்சர்கள் படிக்கும் சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வரிவரியாக ஒப்புக்கொண்டால்தான் அது வெளியாகும். காலனியாதிக்கம் என்ற சொல் அதில் ஏறவே 2022 ஆனது. பாலினம், இனக்குழு, குறைந்த வருமானம் எல்லாம் அங்கே உண்டு. சாதி? பெரிய அறிக்கையின் உள்ளே அங்கங்கே தலைகாட்டுவதோடு சரி. சேரியைப் பள்ளத்தில் வைத்திருக்கும் நாடு அந்தச் சொல்லைத் தானாகவா எழுதச் சொல்லும்?

வெள்ளம் முதலில் எங்கே நுழையும் என்று அறிய நமக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. 2004 சுனாமி நிவாரணத்திலேயே தமிழகக் கடலோர தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் தொண்டு அமைப்புகளின் அறிக்கைகள். ஐபிசிசி முதலில் தேடுவது ஆய்விதழ்க் கட்டுரைகளை.

ஏழாவது அறிக்கைக்கான சுற்று தொடங்கிவிட்டது. துறை அறிவுள்ள எவரும் பதிவு செய்து வரைவுக்குக் கருத்து அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்கள் பதில் எழுதியாக வேண்டும். ஆய்வு மாணவர்களே, சேரியின் வெள்ளத்தைக் கட்டுரையாக்குங்கள். வரைவு வந்ததும் கூட்டமாகப் பதிவு செய்வோம்.