றாக்கைக்கு ஒரு சேலை மறைப்பு



புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டுத்திட்டத்தில் 2013 இல் கட்டிய வீடு. அலுமாரி வாங்க அந்த அக்காவிற்கு வசதி வரவில்லை. பலகையில் அடித்த நாலு தட்டு றாக்கையில்தான் எல்லாம் இருந்தன. மேல்தட்டில் இரண்டு சேட்டுகளும் ஒரு சாரமும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. 2009 இல் காணாமற்போன கணவருடையவை. முள்ளிவாய்க்கால் வரை பையில் சுமந்து, மனிக்பாம் கூடாரத்திலும் காப்பாற்றி வைத்திருந்தவை.

"ஆர் வந்தாலும் முதல்ல அதைத்தான் பார்க்கினம், தங்கச்சி. சிலபேர், இன்னும் ஏன் வைச்சிருக்கிறியள் எண்டும் கேட்கினம்" என்றார். படிவங்களுடன் வீடு வீடாகப் போகிற எங்களைப் போன்றவர்களும் அந்தச் 'சிலபேரில்' அடக்கம் என்பது அவர் சொல்லாமலே விளங்கியது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எழுதுகிறோம். அந்தக் குடும்பத்தில் மற்றவர் கண் படாத ஒரு மூலை இருக்கிறதா என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

உடுப்பை எடுத்து வையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மறைப்பொன்று தைப்போம் என்றேன்.

துணி காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒரு பழைய பருத்திச் சேலை போதும். நைலோன் சேலை வேண்டாம். நுளம்புத்திரியோ குப்பி விளக்கோ பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆகவே எந்தத் துணியானாலும் விளக்கைத் தள்ளியே வையுங்கள். தறப்பாளால் மூடுவதும் நல்லதல்ல. காற்றுப் போகாமல் மாரி காலத்தில் உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அக்காவின் றாக்கை 42 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 15 அங்குல ஆழம். சேலையின் அகலம் 45 அங்குலம் இருந்தது. அதையே உயரத்திற்கு எடுத்துக்கொண்டு, நீளவாக்கில் றாக்கையைச் சுற்றிவர விட்டோம். இதனால் வெட்டும் குறைவு, மூட்டும் குறைவு.

முதலில் மேல்மூடி. அகலத்திலும் ஆழத்திலும் தளர்வுக்கு ஓர் அங்குலமும் தையலுக்கு ஓர் அங்குலமும் கூட்டி 38க்கு 17 அங்குலமாக வெட்டுங்கள். தளர்வு விடாமல் அளவாக வெட்டினால் பலகையின் மூலை துணியைக் கிழிக்கும். சுற்றுத் துணிக்கு 113 அங்குலம் வேண்டும். மூடியைச் சுற்றி 106, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்கு 4, இரண்டு ஓரமும் மடித்துத் தைக்க 3. சேலையில் பாதியளவு மிஞ்சும். இற்றுப்போன இடங்களைத் தவிர்த்து வெட்ட அது உதவும்.

சுற்றுத் துணியின் இரண்டு ஓரங்களையும் முதலில் மடித்துத் தைத்துவிடுங்கள். பிறகு மூடியின் முன்பக்க நடுவைச் சோக்கட்டியால் குறித்து, அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி ஓர் ஓரத்தை வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். மற்ற ஓரம் நடுவைத் தாண்டி இரண்டு அங்குலம் வந்து முடியும். அரை அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். மூலைக்கு வரும்போது சுற்றுத் துணியில் மட்டும் தையல்வரை ஒரு சிறு வெட்டுப் போட்டால் சுருங்காமல் திரும்பும். மெசின் இல்லாதவர்கள் நெருக்கமாகக் கையால் பின்தையல் போடலாம். ஒரு பின்னேரத்தில் முடியாது, இரண்டு நாள் எடுக்கும்.

அடியில் நாலு அங்குலம் மடியுங்கள். காலில் இழுபட்டு நைந்த கரையைக் கீழ்ப்பக்கம் விட்டால் அது இந்த மடிப்புக்குள் மறைந்துவிடும். துணி நிலத்தில் முட்டாமல் ஒன்றரை அங்குலம் மேலே நிற்கும். முட்டினால் ஈரமும் ஏறும், கறையானும் ஏறும். எலிக்கு மட்டும் இந்த மறைப்பு ஒன்றும் செய்யாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கத்திற்கு மூன்று சோடி நாடா வைக்கத்தான் நான் நினைத்திருந்தேன். வழமையாக அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். "நாடா கட்ட ரெண்டு கை வேணுமெல்லே" என்றார் அக்கா. அவருக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. ஒரு மணித்தியாலம் எதிரே இருந்து அளவெடுத்த எனக்கு அது தோன்றவில்லை. பிறகு அவரே வழி சொன்னார். அடிமடிப்பின் இரண்டு முன் மூலைகளிலும் சிறு கூழாங்கற்கள் நாலைந்தைப் போட்டுத் தைத்தோம். முழங்கையால் தள்ளினால் திறக்கும், விட்டால் பாரத்தில் தானாகவே விழுந்து மூடும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வசதி. நாடாவை நான் இப்போது சொல்லிக் கொடுப்பதில்லை.

மிஞ்சிய துணியில் உட்பக்கம் ஒரு பை தைக்கலாம். ஆனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றை அதில் வைக்க வேண்டாம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அவற்றைப் பொலித்தீனில் சுற்றி, தோளில் கொழுவக்கூடிய தனிப் பையில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். துணிப் பைக்குள் சீப்பு, ஊசி நூல், காய்ந்த வேப்பிலை வைத்தால் போதும்.

அக்கா தன் பையை மேல்தட்டின் உயரத்தில் வைக்கச் சொன்னார். என்னத்திற்கு என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை மறைப்பைக் கழற்றித் தோய்க்கிறாராம். அன்றைக்குச் சேட்டுகளையும் வெயிலில் காயப்போடுகிறாராம், கொல்லைப் பக்கத்தில்.