பெட்டியும் குறிப்புத்தாளும்

மார்பிலே சில ஒட்டுவில்லைகளைப் பதித்து, அவற்றினின்று புறப்படும் மெல்லிய கம்பிகளை இடுப்பில் தொங்கும் ஒரு சிறு பெட்டியோடு இணைத்து, "நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து கழற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிற, இருதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை இப்போது நமக்குச் சகஜமாகிவிட்டது. சகஜமாகிவிட்ட காரணத்தாலேயே அதன் பிரதான நோக்கம் மறக்கப்பட்டு வருகிறது என்பது என் அபிப்பிராயம். பெட்டியைக் கட்டிக்கொண்டவர் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறாமலும் கடைத்தெருவுக்குப் போகாமலும், வீட்டாரோடு உரத்துப் பேசவும் அஞ்சி, சாய்வு நாற்காலியிலே பொழுதைப் போக்கி, மறுநாள் நிர்மலமான ஒரு பதிவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். 'விசேஷமாக ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையோடு வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, அவரைப் பரிசோதனைக்கு அனுப்பிய அதே படபடப்பு மறுபடியும் வந்துவிடுகிறது.

நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாடுபட்டதெல்லாம் இந்தச் சாய்வு நாற்காலியை எதிர்த்துத்தான். ஈ.சி.ஜி.க்கு வழிவகுத்து 1924-ல் நோபல் பரிசு பெற்ற டச்சுக்காரர் ஐந்தோவனின் யந்திரத்துக்கு முன், நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; அதன் வாரிசாகிய சாதாரண ஈ.சி.ஜி.யோ, ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிற இருதயத்தைப் படுக்கவைத்துச் சுமார் பத்து விநாடி மாத்திரம் விசாரித்து அனுப்பிவிடுகிறது. ஹோல்டர், மொன்டானா மாகாணத்து ஹெலினா நகரிலே, சுமார் 38 கிலோ எடையுள்ள வானொலிக் கருவியைத் தாமே முதுகில் சுமந்து, நிலைச் சைக்கிளை மிதித்துக்கொண்டே தம் இருதயத்தின் மின்னலைகளை ஒலிபரப்பிக் காட்டினார். கருவி படிப்படியாகச் சுருங்கி, நாடாவில் பதிவுசெய்யும் முறையும் கைகூடிய பின், 1961-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் தம் புதிய மார்க்கத்தை விவரித்தார். வேலை செய்கிற, கோபிக்கிற, உறங்குகிற மனிதனின் இருதயமே அவருக்கு வேண்டியிருந்தது.

ஆகவே, வைத்தியர் பிரத்யேகமாகத் தடுத்தாலொழிய, பெட்டியோடு வழக்கமான வாழ்க்கையை நடத்துவதே பரிசோதனை. குளியலை மட்டும் ஒரு நாள் ஒத்திவைத்தால் போதும். ஆனால் அந்த வாழ்க்கை, பெட்டியோடு தரப்படும் குறிப்புத்தாளில் ஏற வேண்டும். 'மாலை 4.20, மாடி ஏறினேன், நெஞ்சு அடித்துக்கொண்டது' என்ற ஒரு வரி, பல பக்க வரைபடத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது: அந்த நிமிஷத்தில் தாளம் பிசகியிருந்தால் உபாதையின் மூலம் அகப்பட்டது, பிசகாதிருந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்ற மதிப்புள்ள விடை கிடைத்தது. நம்மிடமோ அந்தத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி, விளக்கமின்றிக் கைமாறி, வெறுமையாகவே திரும்பி வருகிறது. (எழுதத் தெரியாத பாட்டிக்குப் பள்ளிக்கூடத்துப் பேரன் எழுதிக் கொடுக்கலாம், அவனைவிடச் சிரத்தையான குமாஸ்தா கிடைப்பது துர்லபம்.)

மனிதனை விட்டுவிட்டு வரைபடத்தை மட்டும் நம்புவதன் விபரீதத்துக்கு, 1989-ல் முடிவு வெளியான 'காஸ்ட்' என்ற அமெரிக்க ஆராய்ச்சியே சாட்சி. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் ஹோல்டர் பதிவில் தென்பட்ட அதிகப்படித் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் ஆயுள் நீளும் என்று எண்ணினார்கள். துடிப்புகள் அடங்கின, பதிவு அழகாயிற்று, ஆனால் மருந்து உண்டவர்களே வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அதிகமாக மாண்டார்கள். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்து இரவில் விழித்திருக்கும் ஆரோக்கியசாலிகளும் இதைச் சற்று யோசிக்கலாம்.

குறிப்புத்தாளை விளக்க, பெட்டி கட்டும் ஊழியர் செலவிட வேண்டியது ஐந்து நிமிஷம். ஆஸ்பத்திரி அச்சிட வேண்டியது ஒரு பக்கத் தமிழ்த் தாள். 'இந்த உபாதை எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது?' என்ற கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிட்டால், மாதம் ஒரு தடவை வருவதை ஒரே நாளில் பிடிக்க முயலாமல், இரண்டு வாரம் வரை மார்பிலே ஒட்டியிருக்கும் பட்டையைச் சிபாரிசு செய்யலாமா என்று வைத்தியரும் ஆலோசிக்க இடம் உண்டாகும்.