எவரெஸ்டுக்கு எந்த வழி?

“கல்யாணமாகிக் குழந்தைகளும் பெற்றவள் எவரெஸ்ட் ஏற முடியுமா?” என்று கேட்கிறார், சிந்தாதிரிப்பேட்டை வாசகி ஒருவர்.

பேஷாக முடியும், சகோதரி! 2023 மே 23-ந் தேதி முத்தமிழ்ச்செல்வி ஏறினாரே! விருதுநகர் ஜில்லாக்காரர், இரண்டு குழந்தைகளின் தாய். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரத்தை எட்டிய முதல் பெண்மணி.

முக்கிய வழிகள் இரண்டு: வடக்கே திபெத், தெற்கே நேபாளம். 1953-ல் டென்சிங்கும் ஹில்லரியும் போனது தெற்கு வழி. அதில் அடிவார முகாமைத் தாண்டியதுமே கும்பு பனியருவி வாய் பிளந்து நிற்கும். பிளவின்மேல் ஏணியைக் கிடத்தி நடக்க வேண்டும்! 8,000 மீட்டருக்கு மேலே மூச்சுக்கே பஞ்சம். ஏறினால் மட்டும் போதாது. இறங்கி வீடு திரும்பவும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

எனவே முதலில் பயிற்சி. டார்ஜிலிங்கில் 1954-ல் ஆரம்பித்த மலையேற்றப் பள்ளியில் பெண்களுக்கும் இடமுண்டு. அதுவரை, வீட்டு மாடிப்படி இருக்கவே இருக்கிறது!