பள்ளிச் சிறுவரும் சீதோஷ்ண மாறுதலும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது மூத்தோர் வாக்கு. பட்டம் தவறாது வரும் என்னும் நம்பிக்கையின் மீதே நம் நாட்டுப் பயிர்த்தொழில் நிற்கின்றது. 1934-ஆம் வருஷத்தில் மேட்டூர் அணை முடிவுற்ற பின், ஜூன் மாதம் 12-ந் தேதி நீர் திறப்பதும், குறுவை நடுவதும், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா தழைப்பதும் காவிரிப் பாசனக் குடியானவர்களின் காலக் கணக்காக அமைந்தன. அக்கணக்கு இக்காலத்தில் அடிக்கடி பிழைபடுகின்றது. 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல் எண்ணற்ற தென்னைகளை வேரொடு சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆண்டு முழுவதும் அவ்வூர் காணும் மழையினும் இது அதிகமாகும்.

இவற்றுள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சீதோஷ்ண மாறுதலுக்கு அத்தாட்சி என்று கூறுதல் பொருந்தாது. வறட்சியும் புயலும் முன்னாளிலும் உண்டு. ஆயினும் பல வருஷங்களின் போக்கை ஒருங்கே நோக்குமிடத்து, பூமியின் வெப்பம் ஏறி வருவதும், மழை சில நாட்களில் மிகுந்தும் பல நாட்களில் அற்றும் பெய்வதும் தெளிவாகின்றன. இன்று பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியரே நாளை இந்நிலங்களை உழுது பயிரிடப் போகிறவர்கள். அவர்களுக்கு இதனை எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர்களை மட்டும் சார்ந்த விஷயமன்று. நிலமுடையோரையும் கிராம அதிகாரிகளையும் சார்ந்ததாகும்.

சுற்றுச்சூழற் கல்வி எல்லா வகுப்புகளிலும் கட்டாய பாடமாக வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கட்டளையிட்டது. பாடம் உண்டு, பரீட்சையும் உண்டு. ஆனால் துருவத்துப் பனிமலை உருகுவதைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, தன் ஊர் வடிகால் வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறியாதிருப்பின், அக்கல்வி ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஊர் வயலையும் ஊர் மழையையும் கொண்டு இப்பாடத்தைத் தொடங்குதலே தகுதியாம்.

காரணத்தை முதலிற் காண்போம். நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் கரியமில வாயு ஆகாயத்தில் கூடுகின்றது. அது சூரிய ஒளியைத் தடையின்றி உள்ளே விட்டு, பூமியிலிருந்து திரும்பும் உஷ்ணத்தை வெளியேற விடாது தடுக்கும். கரியமில வாயு மிகுந்தால் பூமி சூடேறும் என்பதை ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் என்பார் 1896-லேயே கணக்கிட்டுக் காட்டினார். யந்திரத் தொழில் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த அவ்வாயு, இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் பூமியின் சராசரி உஷ்ணம், 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தினும் சுமார் 1.1 டிகிரி சென்டிகிரேட் உயர்ந்திருந்தது.

ஒரு டிகிரியால் என்ன கெடும் என்று கேட்பவர் உளர். ஒரு டிகிரி சூடேறிய காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யுங்கால் கொட்டித் தீர்க்கும். நெற்பயிர் பூக்குந் தருணத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்சென்றால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோடைப் போகத்தில் இரவு உஷ்ணம் ஒரு டிகிரி உயர விளைவு நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்ததாகக் கண்டனர். கடல் மட்டமும் 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உவர்நீர் ஏறிய நிலத்தின் நிலைமையை நாகப்பட்டினக் கடற்கரைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெல்வயல் இம்மாறுதலால் துன்புறுவது மட்டுமன்று; சிறிதளவு அதற்குக் காரணமாகவும் இருக்கின்றது. நீர் ஓயாது தேங்கிய சேற்றில் காற்று புகாமையால், அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. சேற்றில் கால் வைத்தால் எழும் குமிழிகளில் அவ்வாயு உண்டு. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை அது கரியமில வாயுவினும் சுமார் 27 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும்.

ஆலைகளும் மோட்டார்களும் செய்த வினைக்குக் குடியானவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று மிராசுதாரர்கள் கேட்பது நியாயமே. பெரும்பங்கு அவ்வினையே என்பதைப் பிள்ளைகளுக்குக் கூறத்தான் வேண்டும். ஆயினும் மீத்தேனைக் குறைக்கும் வழியே நீரையும் பம்புசெட்டுச் செலவையும் மிச்சப்படுத்தும் வழியாக இருத்தலின், அதனைக் கைக்கொள்வதில் குடியானவனுக்கு நஷ்டமில்லை.

அவ்வழி காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதாம். ஓரடி நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அப்பாதி மண்ணுள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் சென்றபின், குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலம் இறங்கியதும், இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சினாற் போதும். பூக்குந் தருணத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் பின்னும், நீர் வற்றவிடலாகாது. இம்முறையால் மீத்தேன் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பங்கு வரை குறையும். நீரும் கணிசமாக மிஞ்சும். நீரை அடக்கி ஆளக்கூடிய வயலுக்கே இது ஏற்றது. மழைக்காலத்தில் வடியாத பள்ளக்காலுக்கு ஏற்றதன்று. அங்கே வெள்ளத்தில் இரு வாரம் மூழ்கியும் தாங்கவல்ல சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகமும், தூர் எடுத்த வடிகாலுமே உதவும். இவற்றோடு, இலை வண்ண அட்டை பார்த்துத் தேவையறிந்து யூரியா இடுவதும், அறுவடை யந்திரம் சென்ற வயலில் வைக்கோலைக் கொளுத்தாமையும் கைக்கொள்ளத் தக்கவை.

பிள்ளைகள் செய்யத்தக்க வேலை ஒன்று எல்லாவற்றினும் எளிது. அதுவே எல்லாவற்றினும் பெரிது. அது மழை அளத்தல். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை, மரமும் சுவரும் தடுக்காத வெளியில் அசையாமல் வைத்து, தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் நின்ற நீரை அளவுகோலால் அளந்து ஏட்டிற் பதிந்து வருதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் நீராகும் என்று கணக்கிடும் பிள்ளை, கணிதத்தையும் பாசனத்தையும் ஒருங்கே கற்கின்றது.

ஓராண்டு மழையைக் கொண்டு சீதோஷ்ணம் மாறிற்று என்றோ மாறவில்லை என்றோ கூறவியலாது. முப்பது வருஷக் கணக்கே அதற்கு அளவுகோல் என்பது வானிலை சாஸ்திரிகளின் வழக்கம். பத்து வயதுப் பிள்ளை இன்று தொடங்கும் ஏடு, அவன் நாற்பது வயதில் நிலத்தைப் பொறுப்பேற்று நடத்தும்போது, எந்தப் பட்டம் நம்பத்தக்கது என்று ஊருக்குச் சொல்லும். அவ்வேடு இல்லையேல், அன்றும் ஊரார் ஞாபகத்தையும் தர்க்கத்தையுமே நம்பி விதைக்க நேரிடும்.

பள்ளி தனித்து இதனைச் செய்ய இயலாது. விடுமுறை நாட்களில் ஏடு விடுபட்டுப் போகும். ஆசிரியர் மாற்றலாகிச் செல்வார். ஆதலின் கிராம அதிகாரிகள் பயிரை அடங்கலில் எழுதுவது போலவே, பள்ளியின் மழைக் கணக்கையும் மாதந்தோறும் பார்வையிட்டு ஒரு பிரதி எடுத்து வைத்தல் நலம். மிராசுதாரர்கள் பள்ளிக்கு அருகிலுள்ள வயலில் பத்துச் சென்டு ஒதுக்கி, அதில் குழாய் புதைத்துக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் பயிரிட்டு, அடுத்த வயலின் கண்டுமுதலோடு ஒப்பிடப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும். விளைவு குறையுமோ என்று அஞ்சுவோர்க்கும் அப்பத்துச் சென்டே விடை கூறும்.

நிலத்தை மக்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பதற்குப் பத்திரம் எழுதுகிறோம். அந்நிலத்தின் மீது பெய்யும் மழையின் கணக்கையும் உடன் கொடுப்பதே முறையாகும். வரும் ஆடியிலேயே ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் இவ்வேடு தொடங்கப்படுமாக.